பற்ற வைத்தாலும் காசு, விட நினைத்தாலும் காசு: நிகோடின் பணம் யார் பைக்குப் போகிறது?

நான் சிகரெட்டை விட்டு ஆறு வருடம் ஆகிறது. விடும்போது, புகை இல்லாமல் நிகோடினை மட்டும் கொடுக்கும் நிகோடின் கம் மென்றேன். அதை வாங்கியதும், அதுவரை சிகரெட் வாங்கிய அதே பெட்டிக்கடையில்தான். கடைக்காரர் சிகரெட் பாக்கெட்டுகளுக்குப் பக்கத்திலேயே கம் அட்டையையும் தொங்கவிட்டிருந்தார். "எதுண்ணே வேணும்?" என்று இரண்டையும் காட்டிக் கேட்டார். அவரைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே அலமாரிச் சரக்கு. அப்புறம் தேடிப் பார்த்தால், மேலே இருக்கும் பெரிய நிறுவனங்களிலும் அலமாரி அவ்வளவாகப் பிரிந்திருக்கவில்லை. விட நினைக்கும் நண்பர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

சிகரெட்டும் ஒரு பொருள்தானே, நாம் அடிமையாவதில் கம்பெனிக்குத் தனியாக என்ன லாபம்?

சோப்பு பிடிக்காவிட்டால் அடுத்த மாதம் வேறு சோப்பு வாங்குவீர்கள். சிகரெட்டில் அப்படி நடப்பதில்லை. இழுத்த சில நொடிகளில் நிகோடின் மூளைக்குப் போய்விடுகிறது. அதே வேகத்தில் குறையவும் தொடங்குகிறது. சுமார் இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் பாதிதான் மிச்சம். அதனால்தான் காலையில் டீயோடு ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, சாப்பிட்டதும் ஒன்று என்று நாள் முழுக்கக் கை பாக்கெட்டைத் தேடுகிறது. வாடிக்கையாளரைத் திரும்ப வரவழைக்கும் வேலையை விளம்பரத்தைவிட நிகோடினே நன்றாகச் செய்துவிடும்.

இது கம்பெனிகளுக்கு ரொம்ப முன்பே தெரியும். அமெரிக்காவின் பிரவுன் அண்ட் வில்லியம்சன் நிறுவனத்தின் தலைமை வழக்கறிஞர் அடிசன் யேமன், 1963இல் உள்ளுக்குள் எழுதிய குறிப்பில், நிகோடின் அடிமைப்படுத்தும் பொருள், அதை விற்பதுதான் நம் தொழில் என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். 31 வருடம் கழித்து, 1994 ஏப்ரலில், ஏழு பெரிய சிகரெட் கம்பெனிகளின் தலைவர்கள் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் சத்தியம் செய்துவிட்டு, நிகோடின் அடிமைப்படுத்தும் என்று தாங்கள் நம்பவில்லை என்று வரிசையாகச் சொன்னார்கள். அந்த வீடியோ இப்போதும் இணையத்தில் கிடைக்கிறது. ஒருவர் முகத்திலும் சலனம் இல்லை.

இந்தியாவில் இந்தப் பணம் யாருக்குப் போகிறது?

சிகரெட் என்றால் முதலில் ஐடிசி. 1910இல் 'இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி ஆஃப் இந்தியா' என்று கொல்கத்தாவில் தொடங்கியது. இன்று அதே நிறுவனம் ஆசீர்வாத் ஆட்டா, சன்ஃபீஸ்ட் பிஸ்கட், பிள்ளைகளின் கிளாஸ்மேட் நோட்டு எல்லாம் விற்கிறது. இவ்வளவு விற்றும், லாபத்தில் முக்கால் பங்குக்கு மேல் தருவது சிகரெட்தான்.

ஐடிசியின் பெரிய பங்குதாரர் லண்டனில் இருக்கும் பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ. பல காலம் 29 சதவீதத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தது. 2024 மார்ச்சில் அதில் 3.5 சதவீதத்தை மட்டும் விற்று 17,000 கோடி ரூபாய்க்கு மேல் எடுத்துக்கொண்டு போனது. இலங்கையில் இதே நிறுவனத்தின் பிடி இன்னும் இறுக்கம். அங்கே சிகரெட் சந்தையைக் கையில் வைத்திருக்கும் சிலோன் டொபாக்கோ கம்பெனியில் 84 சதவீதம் அவர்களுடையது.

அரசாங்கம் சிகரெட்டை எதிர்க்கிறதா, ஆதரிக்கிறதா?

ஒரே நேரத்தில் இரண்டையும் செய்கிறது. பாக்கெட்டின் 85 சதவீத இடத்தில் புற்றுநோய்ப் படம் போடச் சொல்வதும் அரசுதான். அந்த பாக்கெட்டை விற்கும் கம்பெனியில் மறைமுகமாகப் பங்கு வைத்திருப்பதும் அரசுதான். ஐடிசியில் எல்ஐசிக்குச் சுமார் 15 சதவீதம் இருக்கிறது. பழைய யூனிட் டிரஸ்டின் சொத்துகளை வைத்திருக்கும் அரசு அமைப்புக்கு 8 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்கிறது. பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்கள் புகையிலையில் முதலீடு செய்வதை எதிர்த்து 2017இல் மும்பை உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்கே போட்டார்கள். உங்களிடம் எல்ஐசி பாலிசி இருந்தால் அந்த லாபத்தில் ஒரு துளி உங்களுக்கும் வருகிறது. நிஃப்டி 50 குறியீட்டு ஃபண்டில் பணம் போட்டிருந்தாலும் அப்படித்தான், அந்த 50 கம்பெனிகளில் ஐடிசியும் ஒன்று.

வரி வேறு இருக்கிறது. வரி வருமானம் முக்கியம் என்று யாராவது சொன்னால், அவர்களிடம் இன்னொரு எண்ணையும் சொல்லுங்கள். 2017-18இல் புகையிலையால் வந்த நோய்க்கும் அகால மரணத்துக்கும் இந்தியா கொடுத்த விலை 1.77 லட்சம் கோடி ரூபாய், அதாவது நாட்டின் மொத்த உற்பத்தியில் 1 சதவீதத்துக்குச் சற்று மேல். வரி அரசுக்குப் போகிறது. இந்தச் செலவில் பெரும்பகுதி நோயாளியின் வீட்டிலிருந்து போகிறது, நகையாக, நிலமாக.

இந்த விஷயத்தில் நம் அரசு மட்டும் தனி இல்லை. ஜப்பான் டொபாக்கோவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அரசிடம் இருக்க வேண்டும் என்பது அந்த நாட்டின் சட்டம். உலகிலேயே அதிகமாக சிகரெட் தயாரிக்கும் சீன தேசியப் புகையிலை நிறுவனமோ முழுக்க அரசு நிறுவனம்.

பீடி சுற்றுகிறவர்களின் பிழைப்பு கெட்டுப்போகுமே?

தென்காசி, திருநெல்வேலி, வேலூர்ப் பக்கம் வீட்டுத் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்களுக்கு, ஆயிரம் பீடிக்குக் கிடைப்பது சில நூறு ரூபாய்தான். இலை சரியில்லை, கணக்கு குறைகிறது என்று அதிலும் கழிப்பார்கள். லாபம் பார்ப்பவர்கள் பட்டியலில் அவர்களைச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பீடிக்கு வரி கூட்டும் பேச்சு வரும்போதெல்லாம் அவர்கள் பெயரைத்தான் முன்னே நிறுத்துகிறார்கள். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் சிகரெட்டை 40 சதவீத வரிசைக்கு ஏற்ற முடிவு செய்தபோது, பீடியை 28லிருந்து 18க்கு இறக்கியது. அந்தச் சலுகையில் கூலிக்கு எவ்வளவு போய்ச் சேரும் என்பதைத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

பெட்டிக்கடைக்காரருக்கு?

ஒரு சிகரெட்டுக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். ஆனால் தம் போட வருகிறவர் டீயும் கடலை மிட்டாயும் வாங்குவார். அவருக்கு அதுதான் கணக்கு.

நிகோடின் கம் யார் கண்டுபிடித்தது? இப்போது யார் கையில் இருக்கிறது?

கதை நீர்மூழ்கிக் கப்பலில் தொடங்குகிறது. கப்பலுக்குள் புகைக்க முடியாத சுவீடன் கடற்படையினர் வாயில் ஒதுக்கும் புகையிலைக்கு மாறி, சமாளித்துவிடுகிறார்கள் என்பதை லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளாஸ் லுண்ட்கிரென் கவனித்தார். அவர் 1967இல் தன் நண்பர் ஓவ் ஃபெர்னோவுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஃபெர்னோ, ஹெல்சிங்போரியில் ஏபி லியோ என்ற சின்ன மருந்து நிறுவனத்தில் ஆராய்ச்சியாளர். அவரே பெரிய புகைப்பாளி. புகை இல்லாமல் நிகோடினை மட்டும் கொடுத்தால் என்ன என்று யோசித்து, பல வருட முயற்சியில் வந்ததுதான் நிகோரெட். 1978இல் சுவிட்சர்லாந்தில் விற்பனைக்கு வந்தது, 1984இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது.

அப்புறம் கை மாறியதைச் சொன்னால் தலை சுற்றும். ஏபி லியோ ஃபார்மசியாவுக்குள் போனது, ஃபார்மசியாவை ஃபைசர் வாங்கியது, 2006இல் ஃபைசரின் அந்தப் பிரிவை ஜான்சன் அண்ட் ஜான்சன் வாங்கியது, 2023இல் அது கென்வ்யூ என்று தனியாகப் பிரிந்தது. அமெரிக்காவில் மட்டும் அதே பெயரில் விற்கும் உரிமை வேறு நிறுவனத்திடம்.

நமக்குப் பக்கத்தில் நடந்த கைமாற்றமும் ஒன்று உண்டு. நிகோடினெல் உள்ளிட்ட நிகோடின் கம் பிராண்டுகளை, அமெரிக்காவுக்கு வெளியே விற்கும் உரிமையோடு, 2024இல் ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் வாங்கியது. விலை 50 கோடி பவுண்டு. ஐரோப்பாக்காரர் ஒருவர் சிகரெட்டை விடுவதற்காக வாங்கும் கம்மின் லாபம் இன்று ஹைதராபாத்துக்கு வருகிறது. இந்தியாவுக்குள் அதிகம் கண்ணில் படுவது சிப்லாவின் நிகோடெக்ஸ்.

மருந்துக் கம்பெனியும் சிகரெட் கம்பெனியும் எதிரிகள்தானே?

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு கம் விற்றால் சில சிகரெட் விற்காது, எனவே ஜென்மப் பகை என்று. நடந்தது வேறு.

1980களில் அமெரிக்காவில் நிகோரெட்டை விற்றது மெரல் டௌ. அது டௌ கெமிக்கல் என்ற ரசாயனப் பெருநிறுவனத்தின் பிள்ளை. சிகரெட்டுக்குள் புகையிலைத் தூள் காய்ந்துபோகாமல் இருக்க ஈரப்பதம் காக்கும் ரசாயனம் சேர்ப்பார்கள். அதை டௌவிடமிருந்து மொத்தமாக வாங்கியவர்களில் ஒருவர், மார்ல்பரோ செய்யும் பிலிப் மாரிஸ். மெரல் டௌ, டாக்டர்களின் காத்திருப்பு அறைகளுக்கு, புகைப்பதை விடச் சொல்லும் செய்தி மடல்களை அனுப்பத் தொடங்கியது. பிலிப் மாரிஸ் 1984இல் தாய்க் கம்பெனியிடம் ரசாயனம் வாங்குவதை நிறுத்தியது. டௌ இறங்கி வந்தது. சிகரெட்டைத் தாக்கிப் பேசாமல், ஏற்கெனவே விட முடிவு செய்துவிட்டவர்களை மட்டும் பார்த்துப் பேசும்படி கம் விளம்பரத்தின் சுருதி குறைந்தது. இதெல்லாம் பின்னால் வழக்குகளில் வெளிவந்த சிகரெட் கம்பெனிகளின் சொந்தக் காகிதங்களிலிருந்து தெரிய வந்தது. 2002இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் ஆய்விதழில் கட்டுரையாகவே வந்தது.

அது மிரட்டிய காலம். இப்போது மிரட்டத் தேவையில்லை, வாங்கிவிடுகிறார்கள். ரெனால்ட்ஸ் அமெரிக்கன் என்ற சிகரெட் கம்பெனி 2009இல் நிகோனோவம் என்ற சுவீடனின் கம் நிறுவனத்தை வாங்கியது. அதை நிறுவியவர்களில் ஒருவர் கார்ல் ஃபாகர்ஸ்ட்ரோம். நாம் எவ்வளவு அடிமை என்று அளக்க டாக்டர்கள் கேட்கும் ஆறு கேள்விகள் உண்டே, காலையில் எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட் என்று தொடங்குவது, அந்தச் சோதனை அவர் பெயரில்தான் இருக்கிறது. 2021இல் பிலிப் மாரிஸ் இன்டர்நேஷனல், மற்ற பிராண்டுகளுக்கு நிகோடின் கம் செய்துகொடுக்கும் டென்மார்க்கின் ஃபெர்டின் ஃபார்மாவை வாங்கியது. அதே வருடம் வெக்டுரா என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தையும் 100 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கியது. வெக்டுராவின் தொழில் என்ன தெரியுமா? ஆஸ்துமாக்காரர்களும் நுரையீரல் நோயாளிகளும் உறிஞ்சும் மருந்துக்கான தொழில்நுட்பம். நுரையீரல் மருத்துவர்கள் கொதித்தார்கள். மூன்றே வருடத்தில், 2024இல், அதை வாங்கிய விலையில் ஒரு சிறு பங்குக்குத் தள்ளிவிட்டார்கள்.

நம் ஊரிலும் நடந்தது. ஐடிசியே 'குவிக்நிக்' என்று ஒரு நிகோடின் கம்மை இறக்கியது. கனடாவில் 2023இல் இம்பீரியல் டொபாக்கோ என்ற சிகரெட் கம்பெனி, 'ஸானிக்' என்ற, உதட்டுக்குள் ஒதுக்கும் நிகோடின் பையை, புகைப்பதை விட உதவும் பொருள் என்று அனுமதி வாங்கி விற்றது. பழ வாசனை, கலர் டப்பா, பெட்ரோல் பங்க் கடைகளில் விற்பனை. பள்ளிப் பிள்ளைகள் கையில் பார்த்த பிறகு, மருந்துக்கடையில் மட்டும், அதுவும் கவுன்டருக்குப் பின்னால் வைத்து விற்க வேண்டும் என்று 2024இல் அரசு கட்டுப்படுத்தியது.

கம்மில் இருக்கும் நிகோடின் எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் புகையிலைச் செடியிலிருந்துதான். இலையிலிருந்து பிரித்துச் சுத்தம் செய்கிறார்கள். இந்தியாவிலிருந்து அது ஏற்றுமதியும் ஆகிறது. நீங்கள் விட்டாலும் தோட்டம் அதேதான்.

அப்படியானால் கம், தோலில் ஒட்டும் நிகோடின் பேட்ச் எல்லாம் ஏமாற்று வேலையா?

இல்லை. இவ்வளவும் படித்துவிட்டு, கம் வேண்டாம் என்று முடிவு கட்டி இன்னொரு சிகரெட்டைப் பற்ற வைத்தால், இந்தக் கட்டுரையால் லாபம் ஐடிசிக்குத்தான். சாவு வருவது தாரிலிருந்தும் கார்பன் மோனாக்சைடிலிருந்தும் புகையிலிருக்கும் மற்ற நச்சுகளிலிருந்தும். கம்மில் அவை இல்லை.

எவ்வளவு உதவும் என்பதில்தான் ஏமாற்றம். துணை எதுவும் இல்லாமல் விட முயலும் 100 பேரில், ஆறு மாதத்துக்கு மேல் தாக்குப்பிடிப்பவர்கள் 3 முதல் 5 பேர். கம், பேட்ச் போன்ற நிகோடின் மாற்று மருந்து இந்த வாய்ப்பை 50 முதல் 60 சதவீதம் கூட்டுகிறது என்பது பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பாய்வின் முடிவு. 5 பேர் என்பது 8 பேர் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று பேருக்கு அது உயிர். மீதி 92 பேரை யோசித்துப் பாருங்கள். கம் கம்பெனிக்கு 100 பேரின் காசும் வந்துவிட்டது, சிகரெட் கம்பெனிக்கு 92 பேர் திரும்பக் கிடைத்துவிட்டார்கள். அடுத்த புத்தாண்டுக்கு அந்த 92 பேரும் மறுபடி கம் வாங்குவார்கள். முயன்று தோற்று முயலும் ஆள்தான் இரண்டு பக்கத்துக்கும் நல்ல வாடிக்கையாளர். இது சதி என்று நான் சொல்லவில்லை. ஆனால் இதை மாற்ற அவசரப்படும் ஆள் அந்த இரண்டு பக்கமும் இல்லை.

நான் மென்றும் வேலை செய்யவில்லையே?

சாதாரண சூயிங்கம் மாதிரி சவைத்திருப்பீர்கள். நானும் முதல் வாரம் அப்படித்தான் மென்று, விக்கல் எடுத்து, வயிறு எரிந்து, அட்டையைத் தூக்கி எறிந்தேன். மெதுவாக மென்று, காரம் ஏறியதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். அரை மணி நேரம் ஒரு துண்டு. காபி குடித்த கையோடு மென்றால் நிகோடின் சரியாக ஏறாது, கால் மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். 2 மில்லிகிராம் சீட்டு இல்லாமல் கிடைக்கும், 4 மில்லிகிராமுக்கு டாக்டர் சீட்டு வேண்டும். பேட்ச் ஒன்றை ஒட்டிக்கொண்டு, நமநமக்கும்போது மட்டும் கம் மெல்வது, ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிட நல்ல பலன் தரும். இதை எனக்கு விற்ற கடையில் யாரும் சொல்லவில்லை. ஒரு அரசு ஆஸ்பத்திரி டாக்டர் இரண்டு நிமிடத்தில் சொன்னார்.

கம்மையே விட முடியாமல் போனால்?

சிலருக்கு அப்படி ஆகிறது. மூன்று மாதம் என்று தொடங்கி மூன்று வருடம் மெல்கிறவர்களைத் தெரியும். சிகரெட்டுக்குத் திரும்புவதைவிட எவ்வளவோ மேல். ஆனால் பர்ஸ் இளைக்கும். எண்ணிக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். 2022இல் வந்த தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் நிகோடின் மாற்று மருந்தும் சேர்ந்தது. அதில் சேர்ந்தால் விலைக்கு உச்சவரம்பு வரும்.

மலிவான மருந்து எதுவும் இல்லையா?

இருக்கிறது. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் கோபம் வருவது இங்கேதான். ஐரோப்பாவில் லேபர்னம் என்று ஒரு மரம். மஞ்சள் பூ சரம் சரமாகத் தொங்கும், பார்க்க நம் சரக்கொன்றை போலவே இருக்கும். (வெள்ளைக்காரர்கள் சரக்கொன்றைக்கு 'இந்திய லேபர்னம்' என்றே பெயர் வைத்தார்கள். இரண்டும் வேறு வேறு மரம், லேபர்னம் நஞ்சு, எதையும் பறித்து மென்று பார்க்காதீர்கள்.) அதன் விதையில் இருக்கும் சைட்டிசின், மூளையில் நிகோடின் உட்காரும் இடத்தில் தானும் போய் உட்காரும். பல்கேரியாவின் சோஃபார்மா நிறுவனம் 1964 முதலே அதை 'டாபெக்ஸ்' என்ற மாத்திரையாக விற்கிறது. 25 நாள் சாப்பிட்டால் போதும்.

கிழக்கு ஐரோப்பாவுக்கு வெளியே அதை யாரும் பல பத்தாண்டுகள் சீண்டவில்லை. காப்புரிமை வாங்க வழியில்லாத பழைய மருந்துக்குப் பல கோடி செலவழித்துச் சோதனை நடத்த எந்தக் கம்பெனிக்கும் ஆசை வராது. சைட்டிசினை முன்மாதிரியாக வைத்து ஃபைசர் செய்த வெரனிக்ளின், காப்புரிமையோடு 2006இல் வந்தது. 2019இல் மட்டும் 110 கோடி டாலருக்கு விற்றது. அதுவும் நல்ல மருந்துதான். ஆனால் 2014இல் நியூசிலாந்தில் 1,310 பேரிடம் நடந்த சோதனையில், ஒரு மாத முடிவில் புகைக்காமல் இருந்தவர்கள் சைட்டிசினில் 40 சதவீதம், நிகோடின் மாற்று மருந்தில் 31 சதவீதம். பிரிட்டனில் சைட்டிசின் விற்பனைக்கு வந்ததோ 2024 ஜனவரியில். பல்கேரியாவுக்கும் பிரிட்டனுக்கும் நடுவில் 60 வருடம்.

வேப் என்கிற மின்சிகரெட்டை இந்தியாவில் தடை செய்தது யாருக்கு லாபம்?

2019 செப்டம்பர் 18 அன்று அவசரச் சட்டம் அறிவிக்கப்பட்டதும் சிகரெட் கம்பெனிகளின் பங்கு விலை ஏறியது. பதிலின் பாதி அதிலேயே இருக்கிறது. மீதிப் பாதி, தடை இல்லாத இடங்களில் சிகரெட் கம்பெனிகளே வேப்பையும் வாங்கிவிடுகின்றன என்பது. ஜூல் என்ற வேப் நிறுவனத்தின் 35 சதவீதத்துக்கு, அமெரிக்காவில் மார்ல்பரோ விற்கும் ஆல்ட்ரியா 2018இல் 1,280 கோடி டாலர் கொடுத்தது. கொடுத்ததில் பெரும்பகுதி சில வருடத்தில் கரைந்துபோனது. அதற்காக நான் அழவில்லை.

ஹான்ஸ், கூல் லிப் மாதிரி வாயில் ஒதுக்கும் புகையிலை எல்லாம் தமிழ்நாட்டில் தடைதானே?

குட்காவுக்கும் இந்த மாதிரி மெல்லும் புகையிலைக்கும் 2013 முதல் தடை. கடைக்குப் பின்னால் கிடைக்கும். தடை செய்த பொருளில் அரசுக்கு வரி வராது, லாபம் கடத்துகிறவருக்கும், பார்த்தும் பார்க்காதவருக்கும். 2016இல் வருமான வரிச் சோதனையில் லஞ்சக் கணக்கு என்று சொல்லப்பட்ட ஒரு டைரி சிக்கி, 2018இல் உயர்நீதிமன்றம் சிபிஐயிடம் கொடுத்த குட்கா வழக்கை மறந்திருக்க மாட்டீர்கள்.

யாருக்கும் காசு கொடுக்காமல் விட முடியுமா?

1800-11-2356 என்ற எண்ணுக்கு அழையுங்கள். பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும். 2016இல் தொடங்கிய தேசிய உதவி எண் அது, கட்டணம் இல்லை. தெற்கில் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையிலிருந்து பேசுகிறார்கள், தமிழிலும் பேசலாம். மருந்தோடு பேச்சுத் துணையும் சேரும்போதுதான் பலன் கூடுகிறது. லாபம் இல்லாத பொருள் என்பதால் அதற்கு எந்த நடிகரும் விளம்பரத்தில் வருவதில்லை.

இதை எழுத உங்களுக்கு யார் காசு கொடுத்தார்கள்?

நேரடியாக யாரும் இல்லை. ஆனால் இரண்டு எல்ஐசி பாலிசியும் மாதம் 2,000 ரூபாய்க்கு ஒரு நிஃப்டி ஃபண்டும் வைத்திருக்கிறேன். ஆகவே, மேலே சொன்ன கணக்குப்படி, நீங்கள் புகைத்தால் எனக்கும் சில பைசா வரும்.